வெப்பமானியுடன் ஒரு தீவுச் சுற்றுலா

சுற்றுலா போகும்போது எதையெல்லாம் எடுத்துக்கொள்வீர்கள்? மாற்று உடை, துண்டு, கட்டுச்சோறு, தண்ணீர். இந்தத் தடவை இன்னும் ஒரு பொருளையும் பையில் வையுங்கள். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இருக்கும் சாதாரண வெப்பமானிதான் அது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது.

அருவியும், வெந்நீர் ஊற்றும், கடலோரக் கோயிலும் உள்ள இலங்கைத் தீவுக்குக் கற்பனையில் போய்வரப் போகிறோம். போகும் இடமெல்லாம் தண்ணீரின் வெப்பநிலையை அளந்து, அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்போம். புறப்படும் இடம் புதுக்கோட்டை மாவட்டம்.

மலைமேல் ஒரு சுனை

நார்த்தாமலைக்குப் போயிருக்கிறீர்களா? மேலமலையில் விஜயாலய சோழீச்சுரம் என்னும் அழகிய கற்கோயில் உண்டு. அதே மலையில் தலையருவிச் சிங்கம் என்ற சுனையும் உண்டு. சுனையின் உள்ளே பாறையைக் குடைந்து ஒரு சிவலிங்கம் அமைத்திருக்கிறார்கள். அது நீருக்குள் மூழ்கியிருக்கும். நீரை இறைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

வெயிலில் பாறை காலைச் சுடும்போதும் இப்படிப்பட்ட சுனைகளின் நீர் குளிர்ச்சியாக இருக்கும். இதில் மாயம் எதுவும் இல்லை. சுனை என்பது பாறைப் பள்ளத்தில் தேங்கிய மழைநீர். அதன் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது எஞ்சியிருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். பாறை நிழலும் இரவுக் காற்றும் சேர்ந்து உதவுகின்றன.

வெப்பமானியில் கண்ட அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இனிக் கிழக்கே கடற்கரைக்குப் போவோம்.

நடந்தே போகலாமா?

மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகியவை நம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்கள். அவற்றின் எதிரே இருக்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அதன் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை.

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு பனியுகம் உச்சத்தில் இருந்தது. உலகின் நீரில் ஒரு பகுதி பனிப்பாளங்களாக நிலத்தின் மேல் உறைந்து கிடந்ததால், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்படியானால் இந்த விரிகுடா அன்று என்னவாக இருந்திருக்கும்? வெறும் தரைதான்! அன்றிருந்த மனிதர் விரும்பியிருந்தால் இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்.

உறவு அதைவிடப் பழையது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட உருமாறிய பாறைகளால் ஆனது. தென்னிந்தியாவின் பாறைகளும் அதே வகையைச் சேர்ந்தவை. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற பெருநிலத்தில் ஒட்டிக்கிடந்தன. இதை மறந்துவிடாதீர்கள். வெந்நீர் ஊற்றுக்குப் போகும்போது இது தேவைப்படும்.

அருவியடியில் ஒரு கேள்வி

இலங்கையின் நடுவே மலைநாடு. கடலோரச் சமவெளி, அதற்கு மேல் நடுமேடு, அதற்கும் மேல் உயர்மேடு என்று தீவு மூன்று படிகளாக எழும்புகிறது. ஆறுகள் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு இறங்கும் விளிம்புகளில்தான் அருவிகள் நிறைய உள்ளன. பதுளை மாவட்டத்தில் உள்ள பம்பரகந்த அருவி 263 மீட்டர் உயரம். தீவிலேயே உயரமானது அதுதான். தியலும அருவி 220 மீட்டர்.

இவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீர், அடியில் மோதும்போது சூடாகுமா? இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஜேம்ஸ் ஜூல். ஆற்றலின் அலகுக்கு இவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறோம். 1847இல் அவருக்குத் திருமணமாயிற்று. மனைவியுடன் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனபோதும், அருவியின் வெப்பநிலையை அளக்க ஒரு நீண்ட வெப்பமானியைக் கையில் ஏந்திச் சென்றார் என்று, பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் நினைவு கூர்ந்திருக்கிறார். ஆனால் அங்கே நீர் திவலைகளாகச் சிதறிவிட்டதால் அளவு சரிவரக் கிடைக்கவில்லை.

நாம் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 கிலோ கிராம் நீர் 263 மீட்டர் விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் 9.8 × 263, அதாவது ஏறக்குறைய 2,577 ஜூல். 1 கிலோ கிராம் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கச் சுமார் 4,186 ஜூல் வேண்டும். ஆகவே நீர் 0.6 டிகிரி அளவுதான் சூடேறும். அதையும் சாரல் ஆவியாகிக் குளிர்வித்துவிடும். பாறையில் எவ்வளவு ஓங்கி மோதினாலும் அருவி நீர் வெந்நீர் ஆகாது.

கோணமலையும் கன்னியாவும்

அடுத்து, கிழக்குக் கரையில் திருகோணமலை. கடலில் செங்குத்தாக இறங்கும் பாறையின் உச்சியில் கோணேசுவரர் கோயில் நிற்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய தலம். 17ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பழைய கோயிலை இடித்துக் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். பாறையின் அடியில் கடலுக்குள் கிடந்த கோயில் தூண்களையும் ஒரு லிங்கத்தையும் 1956இல் மைக் வில்சன் என்ற நீர்மூழ்கி வீரர் கண்டார். அறிவியல் கதாசிரியர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி இவர். நார்த்தாமலைச் சுனையில் ஒரு லிங்கம், இங்கே கடலில் ஒரு லிங்கம்!

திருகோணமலை நகரிலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில் கன்னியா. அங்கே சிறுசிறு சதுரக் கிணறுகள் ஏழு, அருகருகே இருக்கின்றன. எட்டிப் பார்த்தால் அடி தெரியும். வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டால் இதமான வெந்நீர்! வெப்பமானி 40 டிகிரியை ஒட்டிக் காட்டும். கிணற்றுக்குக் கிணறு சூடு சற்றே வேறுபடும்.

இராவணன் தன் தாயின் ஈமக்கடனைச் செய்வதற்காக வாளால் தரையில் குத்திய ஏழு இடங்கள் இவை என்பது இங்கே வழங்கும் கதை. இன்றும் மக்கள் முன்னோருக்கான கடன்களைச் செய்ய இங்கே வருகிறார்கள். வாள் குத்திய பிளவில் நீர் வந்தது என்கிறது கதை. பாறையில் ஆழமான பிளவு இருந்தால்தான் இப்படி நீர் வரும் என்கிறது புவியியல்.

அடுப்பு எங்கே இருக்கிறது?

வெந்நீர் ஊற்று என்றதும் எரிமலை நினைவுக்கு வரும். ஐஸ்லாந்தில் அது சரி. ஆனால் இலங்கையில் எரிமலையே இல்லை. பாறைகளோ மிகப் பழையவை. பிறகு எது சூடாக்குகிறது?

பூமியைத் தோண்டிக்கொண்டு போனால் சூடு ஏறிக்கொண்டே போகும். உலகச் சராசரி, கிலோ மீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. நம் பக்கத்துப் பழம்பாறைகளில் இது இன்னும் குறைவு. கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் மேல் ஆழம் போனது. தமிழ்த் தொழிலாளர் ஏராளமானோர் உழைத்த இடம் அது. அதன் அடியாழத்தில் பாறையின் வெப்பநிலை 60 டிகிரிக்கும் மேல். குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்பித்தான் வேலை செய்ய முடிந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டது.

இந்த வெப்பத்தில் ஒரு பகுதி, பூமி உருவானபோது சிக்கிய பழைய வெப்பம். மறுபகுதி, பாறைகளில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கச் சிதைவால் இன்றும் பிறந்துகொண்டிருக்கும் வெப்பம். பூமியின் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி இந்தச் சிதைவிலிருந்து வருகிறது என்று 2011இல் ஜப்பானின் காம்லாண்ட் ஆய்வு காட்டியது. யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஹீலியம் பிறக்கும். மேற்கு வங்கத்தில் வக்ரேசுவரர் கோயிலருகே உள்ள வெந்நீர் ஊற்றுகளில் குமிழியிடும் வாயுவில் ஹீலியம் இருக்கிறது. பாறைக்குள் நடக்கும் வேலையை அந்தக் குமிழி வெளியே வந்து சொல்லிவிடுகிறது!

இனிக் கன்னியாவுக்கு விடை எளிது. மேட்டில் பெய்த மழைநீர் பாறைப் பிளவில் இறங்குகிறது. ஆழத்தில் சூடேறுகிறது. யூ வடிவக் குழாயின் ஒரு கையில் நீரை ஊற்றினால் மறு கையில் ஏறுவதைப் போல, பின்னால் இறங்கும் நீரின் அழுத்தம் அதை வேறொரு பிளவு வழியே மேலே தள்ளுகிறது. வழியில் மேல்மட்டத்துக் குளிர்ந்த நீர் கிணற்றுக்குக் கிணறு வெவ்வேறு அளவில் கலப்பதால் சூடு வேறுபடலாம்.

எவ்வளவு ஆழம் போய் வந்திருக்கும்? மழைநீர் 28 டிகிரி, ஊற்று 40 டிகிரி, வேறுபாடு 12. கிலோ மீட்டருக்கு 25 டிகிரி என்று வைத்தால் சுமார் அரைக் கிலோ மீட்டர். வரும் வழியில் ஆறியிருக்கும் என்பதால் உண்மையான ஆழம் இன்னும் அதிகம். யாரும் இறங்கிப் பார்க்க முடியாத ஆழத்தை ஒரு கண்ணாடிக் குழாய் சொல்லிவிட்டது!

வீட்டுக்குத் திரும்புவோம்

நம் மாவட்டத்தில் வெந்நீர் ஊற்று இல்லையே என்று வருந்த வேண்டாம். உங்கள் ஊரில் ஆழ்குழாய்க் கிணறு இருக்கும். அதிகாலையில் அதன் தண்ணீரில் கை வைத்திருக்கிறீர்களா? வெதுவெதுப்பாக இருக்கும். அதற்குப் பாதிக் காரணம், காலைக் காற்று குளிர்ந்திருப்பதால் கைக்கு அப்படித் தோன்றுவது. மீதிக் காரணம் ஆழம். 1,000 அடி, அதாவது ஏறக்குறைய 300 மீட்டர் ஆழத்திலிருந்து வரும் நீர், மேல்மட்ட நீரைவிட 4 முதல் 7 டிகிரி வரை சூடாக இருக்கக்கூடும்.

இங்கேதான் கொஞ்சம் கவலையும் பிறக்கிறது. வெள்ளாறு, அக்கினியாறு, அம்புலியாறு எல்லாம் மழைக்காலத்து ஆறுகள். நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் கண்மாய்களும் ஊருணிகளும் வெட்டி மழைநீரைத் தேக்கினார்கள். கண்மாய் நிறைந்தால் பக்கத்துக் கிணறு விரைவில் ஊறும். பாறையின் ஆழப் பிளவுக்கு அந்த நீர் போய்ச் சேரப் பல்லாண்டுகள் ஆகலாம். நெடுநாள் பாறைக்குள் கிடக்கும் நீரில் உப்புகளும், சில இடங்களில் ஃபுளோரைடும் கூடுதலாகக் கரைந்துவிடும். கண்மாய் தூர்ந்து, கிணறு வற்றி, மேலும் மேலும் ஆழத்தில் துளையிடும் ஊரில், குழாய் நீரின் வெப்பநிலை ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், மேலே இருந்த நீரைச் செலவழித்துவிட்டு அடிச் சேமிப்பில் கை வைத்துவிட்டோம் என்று சந்தேகிக்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஆசிரியருடன் நான்கு இடங்களில் நீரை அளந்து குறியுங்கள்: ஊருணி, திறந்த கிணறு, 300 அடி ஆழ்குழாய்க் கிணறு, 1,000 அடி ஆழ்குழாய்க் கிணறு. சுனைக்கோ கிணற்றுக்கோ தனியாகப் போகாதீர்கள். வாளியில் மொண்டு அளந்தால் போதும். குழாயில் தங்கிய நீர் வெயிலில் சூடாகியிருக்கும். ஆகவே மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்ட பிறகு அளவிடுங்கள். மோட்டாரும் நீரைச் சிறிது சூடாக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். மாதம் ஒருமுறை, ஓராண்டுக்கு இப்படிச் செய்யுங்கள். ஆழத்தைப் படுக்கை அச்சிலும் வெப்பநிலையைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் வரையுங்கள். அதைப் பள்ளிச் சுவரில் மாட்டி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் தங்கள் அளவுகளை அதில் சேர்க்கட்டும்.