பட்டிக்காட்டான்: ஒரு சொல்லாய்வு

சிற்றூர் மக்களை இழித்துரைக்கும் வழக்குச் சொற்களுள் 'பட்டிக்காட்டான்' என்பது பெருவழக்கினது. அதன்கண் உள்ள இகழ்ச்சி சொல்லின் எவ்வுறுப்பில் நிற்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

பட்டி என்பது ஆடுமாடு அடைக்கும் இடத்திற்கும் சிற்றூர்க்கும் பெயர். கோவில்பட்டி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி என்பவற்றில் இழிவு சிறிதும் இல்லை. காடு என்பதும் அத்தகையதே. கொங்கு நாட்டில் 'காட்டுக்குப் போகிறேன்' என்னும் உழவன் தன் புன்செய்க்கே செல்கின்றான். பட்டணத்தில் வாழ்வோரோ அதனை விலங்கு திரியும் வனமெனக் கொள்வர். திருக்குறளில் (1074) 'அகப்பட்டி' என வரும் பட்டி, மனம் போனவாறு ஒழுகுவானைக் குறிக்கும். இவ்விகழ்ச்சி ஆங்கிருந்து வந்ததெனல் பொருந்தாது; பட்டிக்காடு என்புழிப் பட்டி இடத்தையே சுட்டுகின்றது.

விகுதியே காரணம் எனின், அதுவும் முற்றும் ஒவ்வாது. மதுரையான் என்பதுபோல இதுவும் இடம்பற்றி வந்த பெயரே. சங்கச் செய்யுளில் நாடன், ஊரன் என்பன தலைவனுக்கு உரியனவாய் வருதல் அறிஞர் அறிவர். ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. ஊரான் என்பதற்கு ஊரார் உண்டு; நாட்டான் என்பதற்கு நாட்டார் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் நாட்டார் என்பது நாட்டவையினரைக் குறிக்கும் பெருமைக்குரிய பெயர். 'பட்டிக்காட்டார்' என்று எவரும் மதித்து அழைக்க நாம் கேட்டிலம். மதிப்புத் தோன்றியவுடன் பேசுவோர் விகுதியை மாற்றுவதில்லை; சொல்லையே விடுத்துக் 'கிராமத்துக்காரர்' என்பர். ஆகவே இகழ்ச்சி, உயர்வு ஏலாத அவ்வழக்கில் உறைந்து கிடக்கின்றது.

'பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்ததுபோல' என்னும் மரபுத்தொடர் இதற்குச் சான்று. கடையைப் பார்ப்பவன் ஒருவன். அவனைப் பார்த்து நகுவான் மற்றொருவன். பின்னவன் தொடரில் இல்லை. எனினும் அவனே பேசுகின்றான். 'சிற்றூரான்' என்று மட்டும் பொருள் எழுதும் அகராதி இப்பேசுவோனை மறைத்துவிடுகின்றது. 'இகழ்ச்சிக் குறிப்பு' என ஒரு சொல் சேர்த்தல் இன்றியமையாதது.

'நாட்டுப்புறத்தான்' என்பதும் முன்னர் இவ்வாறே வழங்கிற்று. ஆயின் நாட்டுப்புறவியல் பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்தபின் நாட்டுப்புறம் என்னும் அடிச்சொல் மதிப்புற்றது. பட்டிக்காட்டிற்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை.

தன்மையில் மட்டும் இச்சொல் வேறு தொழில் செய்கின்றது. 'நான் பட்டிக்காட்டான், எனக்கு என்ன தெரியும்?' என்று தொடங்கும் முதியவர், பெரும்பாலும் அவ்வழக்கில் வென்ற பின்னரே எழுந்து செல்கின்றார்.