கொழுப்பை உறிஞ்சலாம், நோயை உறிஞ்ச முடியுமா?



'லைப்போசக்‌ஷன்' என்னும் சொல்லை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். வயிறு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் தோலுக்கடியில் தங்கிய கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவைச் சிகிச்சை இது. 'உடல் இளைக்கும், சர்க்கரை நோயும் தணியும்' என நம்பி இதை நாடுவோர் உளர். அந்த நம்பிக்கை சரிதானா?

செய்யும் முறை

1970களில் இத்தாலியிலும் பிரான்சிலும் இம்முறை உருவாயிற்று. தொடக்கத்தில் இரத்த இழப்பு மிகுதியாக இருந்தது. 1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி க்ளைன் வகுத்த முறை அக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. உப்புநீருடன், உணர்வை மரக்கச் செய்யும் லிடோகெயினையும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலினையும் கலந்து கொழுப்புப் பகுதியில் நிரப்புவர். பின்னர்ச் சிறு துளை வழியே மெல்லிய உலோகக் குழாயை நுழைத்து, முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பைத் தளர்த்தி, கருவியால் உறிஞ்சுவர்.

இதனால் ஆகாதது

குடலையும் ஈரலையும் சூழ்ந்துள்ள உட்கொழுப்பை இக்குழாய் தொடுவதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பருமனான 15 பெண்களுக்குச் சுமார் 10 கிலோ கொழுப்பு அகற்றப்பட்டது. அவர்களுள் 7 பேர் நீரிழிவு நோயாளிகள். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது, இன்சுலின் செயற்பாட்டிலோ இரத்த அழுத்தத்திலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. 2004-இல் வெளியான முடிவு இது. எனவே இது வடிவைத் திருத்தும் சிகிச்சையே. நோய் தீர்க்கும் மருந்தன்று.

தேறிவரும் காலம்

முதல் ஓரிரு நாள் துளைகளிலிருந்து நீர் கசியும். வீக்கமும் கன்றிய நிறமும் சில வாரம் இருக்கும். மருத்துவர் சொல்லும் வரை இறுக்கமான உடை அணிய வேண்டும். கால் நரம்புகளில் இரத்தம் உறையாதிருக்க, முதல் நாளிலிருந்தே மெல்ல நடக்க வேண்டும். இலேசான வேலைகளுக்குச் சில நாட்களில் திரும்பலாம். தண்ணீர்க் குடம் தூக்குதல் போன்றவற்றைச் சில வாரம் தவிர்க்க வேண்டும். இறுதி வடிவம் தெரியப் பல மாதங்களாகும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் வீக்கம், கடுங்காய்ச்சல், பரவும் சிவப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 'விடியட்டும்' என்று காத்திராதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேட்க வேண்டியவை

ஓர் அமானிதப் பொருளை ஒப்படைக்கும்முன் எவ்வளவு விசாரிக்கிறோம்! உடலை ஒப்படைக்கும்முன் விசாரிக்க வேண்டாமா? அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் பயிற்சி பெற்றவரா? மயக்க மருந்து நிபுணர் உடனிருப்பாரா? எத்தனை லிட்டர் எடுக்கப்படும்? 5 லிட்டரைத் தாண்டினால் ஆபத்து கூடும். இரவு முழுதும் கண்காணிப்பு வேண்டும்.

அகற்றிய பின்னும் உணவில் கட்டுப்பாடின்றேல், எஞ்சிய கொழுப்பணுக்கள் பருத்து எடை மீண்டும் ஏறும். நடையும் அளவான உணவும் எப்படியும் தேவைதான். அவற்றை இன்றே தொடங்கினால் என்ன?