பேனாப்பிடி மறுபக்கப் பின்கை அடிக்கான மட்டைத் தேர்வு

பேனாப்பிடி மறுபக்கப் பின்கை அடி என்பது, மேசைப்பந்தாட்டத்தில் மட்டையைப் பேனாவைப் பிடிப்பது போல் பிடித்து ஆடுபவர்கள், தம் பின்கைப் பக்கம் வரும் பந்தை மட்டையின் பின்முகத்தால் அடிக்கும் முறை ஆகும். இம்முறையில் ஆடுவோருக்கு மட்டையின் மரப்பலகை, அதன் இரு முகங்களிலும் ஒட்டப்படும் ரப்பர், மொத்த எடை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. பொதுவாக மட்டை வாங்குவோர் முதலில் வேகத்தையே கேட்பர். இவ்வடியைப் பொறுத்தவரை வேகம் பின்னால் வரவேண்டிய கேள்வி. எடையும் விரல்களுக்கான இடமுமே முன்னால் வருகின்றன.

பிடியும் அதன் சிக்கலும்

இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது கைகுலுக்குப் பிடி. இதில் உள்ளங்கை கைப்பிடியைச் சூழ்ந்து கொள்ளும். மட்டையின் ஒரு முகம் முன்கை அடிக்கும் மறுமுகம் பின்கை அடிக்கும் பயன்படும். களத்தில் இவை ஃபோர்ஹேண்ட், பேக்ஹேண்ட் என்றே வழங்கும்.

பேனாப்பிடியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முன்புறத்திலிருந்து மட்டையின் கழுத்தைக் கவ்விக்கொள்ள, மற்ற மூன்று விரல்களும் பின்முகத்தில் ஊன்றி நிற்கும். மரபு வழியில் முன்கை, பின்கை இரண்டிற்கும் முன்முகம் ஒன்றே பயன்பட்டது. பல மட்டைகளில் பின்முகத்தில் ரப்பரே இராது. இதனால் மட்டை இலேசாக இருக்கும். மணிக்கட்டு எளிதில் திரும்பும். ஆனால் பின்கைப் பக்கத்தில் பந்தைத் தடுக்கவும் தள்ளவும் முடிந்ததே தவிர, வலுவான மேற்சுழற்சியுடன் அடிப்பது கடினம். முன்முகத்தை அப்பக்கம் திருப்பும்போது முழங்கையும் மணிக்கட்டும் முடங்கிவிடுவதே காரணம். எனவே அக்கால ஆட்டக்காரர்கள் பின்கை மூலைக்கு ஓடிச்சென்று முன்கையால் அடித்தனர். இதற்குக் கால்கள் மிக விரைவாக இயங்க வேண்டும்.

மறுபக்க அடி இக்குறையைத் தீர்க்கின்றது. ஆனால் அதற்காகப் பின்முகத்திலும் ஒரு ரப்பர் ஒட்ட வேண்டும். அதன் எடை 40 முதல் 50 கிராம். அதைத் தாங்குவது உள்ளங்கை அன்று. இரு விரல்களும் நடுவிரலின் பக்கவாட்டும் மட்டுமே. மட்டைத் தேர்வின் சிக்கல் முழுவதும் இங்கிருந்தே தொடங்குகின்றது.

வரலாறு

மட்டையே ஒரு ஆட்டத்தின் போக்கை மாற்றியதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இந்தியாவில் நிகழ்ந்தது. 1952-ல் உலக மேசைப்பந்தாட்டப் போட்டி முதன்முறையாக ஆசியாவில், பம்பாயில் நடைபெற்றது. அதில் பேனாப்பிடியில் ஆடிய சப்பானியர் இரோசி சாத்தோ, தடித்த ஸ்பாஞ்ச் ஒட்டிய மட்டையுடன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். பந்து படும் ஓசையே அம்மட்டையில் மிகக் குறைவு. ஓசையை வைத்து வேகத்தைக் கணித்துப் பழகிய எதிராளிகள் தடுமாறினர். பின்னர் 1959-ல் ரப்பர் பற்றிய விதிகள் வகுக்கப்பட்டன. ஸ்பாஞ்சுடன் கூடிய ரப்பரின் தடிமன் பசையையும் சேர்த்து 4 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்னும் வரம்பு இன்றும் உள்ளது. அதே ஆண்டில் சீனாவின் உரோங் குவோதுவான் பேனாப்பிடியில் ஆடி உலக ஒற்றையர் பட்டம் வென்றார்.

மறுபக்க அடியை உயர்நிலைப் போட்டிகளில் நிலைபெறச் செய்தவர் லியூ குவோலியாங். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஒற்றையர், இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்ற இவர் முன்முகத்தில் குறும்புள்ளி ரப்பரும், பின்முகத்தில் வழவழப்பான ரப்பரும் பயன்படுத்தினார். அவருக்கு மறுபக்க அடி ஒரு துணை ஆயுதம். அடுத்து வந்த வாங் காவோ அதையே தம் முதன்மைப் பின்கை அடியாக்கி, பழைய தடுப்பு அடியை ஏறத்தாழக் கைவிட்டார். 2009-ல் உலகப் பட்டமும் வென்றார்.

எனினும் மறுபக்க அடி வெற்றிக்கு உறுதி தந்துவிடவில்லை. 2004 ஏதென்சு இறுதியாட்டத்தில் வாங் காவோவை வென்ற தென்கொரியாவின் ரியூ சியுங்மின், ஒரு முகத்தில் மட்டும் ரப்பர் ஒட்டிய மரபுவழி மட்டையுடன், கால்களின் வேகத்தை நம்பி ஆடியவர். 2008 பெய்சிங்கில் வாங் காவோவை வென்ற மா லின், தடுப்பு அடியையும் மறுபக்க அடியையும் கலந்து ஆடினார்.

இப்பிடி அழிந்துவிடும் என்று பலரும் கூறிவந்த நிலையில், செருமனியின் தாங் சியூ 2022-ல் ஐரோப்பிய ஒற்றையர் பட்டத்தை வென்றார். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் பிரான்சின் பெலிக்சு லெப்ரன் தம் 17-ஆம் வயதில் ஒற்றையர் வெண்கலம் பெற்றார். அதே போட்டியில் இந்தியாவின் அர்மீத் தேசாய் 0–4 என்ற கணக்கில் தோற்றது இவரிடமே. லெப்ரனின் அண்ணன் அலெக்சிசு கைகுலுக்குப் பிடியில் ஆடுகின்றார் என்பது சுவையான செய்தி. சரத் கமல், சத்தியன், மணிகா பத்ரா உள்ளிட்ட இந்திய முன்னணியினர் கைகுலுக்குப் பிடியினரே. ஆகையால் தமிழ்நாட்டில் பேனாப்பிடியைக் கற்க விரும்பும் மாணவர் மட்டை பற்றிய முடிவுகளைப் பெரும்பாலும் தாமே எடுக்க வேண்டியுள்ளது.

மரப்பலகை

பேனாப்பிடி மரப்பலகைகள் இரு வகைப்படும். சப்பானிய வகையில் கைப்பிடியின் முன்புறம் தக்கையால் உயர்த்தப்பட்டிருக்கும்; பலகை பெரும்பாலும் இனோக்கி என்னும் மரத்தின் ஒரே அடுக்கால் ஆனது, 9 அல்லது 10 மில்லிமீட்டர் தடிமன் உடையது. இது ஒரு முக ஆட்டத்திற்காக உருவானது. பின்முகத்திலும் ரப்பர் ஒட்டினால் விரல்கள் அத்தடிமனைச் சுற்றி வளைய இயலாமல் மட்டை கையில் நிலைகொள்ளாது. மறுபக்க அடிக்கு ஏற்றது சீன வகையே. இது கைகுலுக்கு மட்டையைப் போன்ற முகமும், ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நீளக் குறுங்கைப்பிடியும் கொண்டது.

சீன வகையில் ஐந்து அடுக்குப் பலகை சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுடன் மெல்லியதாகவும் நெகிழ்வாகவும் இருக்கும். ஏழு அடுக்குப் பலகை சற்றுத் தடித்து, விறைப்பாக இருக்கும். கார்பன் இழை கலந்தவை வேகம் மிக்கவை. மறுபக்க அடியின் கைவீச்சு குறுகியது. பந்து மட்டையில் சிறிது நேரம் தங்கினால்தான் அவ்வீச்சில் சுழற்சி ஏறும். எனவே கற்கும் காலத்தில் 80 முதல் 86 கிராம் எடையுள்ள ஐந்து அடுக்கு மரப்பலகை போதும். மா லின் பெயர் தாங்கிய யசாகா நிறுவனப் பலகைகளில் ஐந்து அடுக்கு மரமும் உண்டு. சூ சின் பெயரில் ஸ்டிகா நிறுவனம் வெளியிட்டது கார்பன் பலகை. அது ஏற்கெனவே அடி அமைந்துவிட்டவர்களுக்கு உரியது.

ஒரே பெயருடைய பலகைகளும் எடையில் ஒன்றுக்கொன்று 5 கிராமுக்கு மேல் வேறுபடுவது வழக்கம். வாங்கும்போது எடையைக் கேட்டுப் பெறுவது, விளம்பரத்தில் உள்ள வேக எண்ணைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

எடைக் கணக்கு

பலகை 84, முன் ரப்பர் 48, பின் ரப்பர் 42, பசையும் விளிம்பு நாடாவும் 4 எனக் கொண்டால் மட்டை 178 கிராம் ஆகும். பலகை 90, ரப்பர்கள் தலா 50 எனில் 194 கிராம். இரண்டுக்கும் இடையே 16 கிராம்தான். ஆனால் ஒரு மணி நேர ஆட்டத்திற்குப் பின் கட்டைவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் இவ்வேறுபாடு வலியாகத் தெரியும். வலியைத் தவிர்க்க ஆட்டக்காரர் பிடியை இறுக்குவார். பிடி இறுகினால் மணிக்கட்டு சுழலாது. மறுபக்க அடி தள்ளலாகத் தேய்ந்துவிடும். அடி வரவில்லை என்று ரப்பரை மாற்றுவோர் பலருக்கு உண்மையான குறை இதுவே.

எடை எங்கே உள்ளது என்பதும் முக்கியம். ஒரு பொருளைச் சுழற்றுவதற்கான தடை, அச்சிலிருந்து உள்ள தொலைவின் இருமடிப்படி பெருகும். விரல்கள் கவ்வும் இடத்தை அச்சாகக் கொண்டால் முகத்தின் நடு 8 சென்டிமீட்டரிலும், நுனி 16 சென்டிமீட்டரிலும் அமையும். அதாவது நுனியில் உள்ள ஒரு கிராம், நடுவில் உள்ள நான்கு கிராமுக்கு நிகர். மணிக்கட்டை அச்சாகக் கொண்டாலும் அது இரு மடங்கு அளவுக்கு வரும். எனவே ரப்பரைப் பலகையின் விளிம்போடு ஒட்ட வெட்டுவதும், அகலமான நாடாவைத் தவிர்ப்பதும் வீண் நுணுக்கங்கள் அல்ல.

கைப்பிடியை ஒட்டிய பகுதியிலும் எடையைக் குறைக்கலாம். விரல்கள் பற்றும் அவ்விடத்தை ரப்பரின்றி விட விதிகள் இடம் தருகின்றன. முன்முகத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு விட்டு ஒட்டினால் 2 முதல் 3 கிராம் மிச்சமாகும். ஆள்காட்டி விரலும் மரத்தின் மீது உறுதியாக அமரும். ஆனால் இவ்விடம் அச்சுக்கு அருகில் இருப்பதால், இங்கு மிச்சமாகும் எடை கைக்குச் சுமையைக் குறைக்குமே ஒழியச் சுழற்சியை அவ்வளவாக எளிதாக்காது.

பின்முக ரப்பர்

முன்முகத்தில் சீன ஆட்டக்காரர்கள் விரும்பும் ஒட்டும் தன்மையுள்ள கடின ரப்பர்கள் எடை மிகுந்தவை. நீண்ட கைவீச்சில்தான் அவற்றின் பயன் வெளிப்படும். அதே ரப்பரைப் பின்முகத்திலும் ஒட்டுவது தொடக்கநிலையாளர் செய்யும் பெருந்தவறு. பின்முகத்திற்கு நடுத்தர மென்மையுள்ள ஸ்பாஞ்சும், இலேசான எடையும் கொண்ட வழவழப்பு ரப்பர் பொருந்தும். ஸ்பாஞ்சின் தடிமன் கற்போருக்கு 1.8 அல்லது 1.9 மில்லிமீட்டர், அடி நிலைபெற்ற பின் 2.1 வரை உயர்த்தலாம்.

விரைவுப் பசை 2008-ல் தடை செய்யப்பட்ட பின், அதன் துள்ளலை ரப்பரிலேயே அமைத்துத் தரும் வகைகள் பெருகின. இவை மேசையிலிருந்து விலகி ஆடும்போது உதவும். மேசைக்கு மேல் வரும் குறும்பந்தை எடுக்கும்போதோ கட்டுப்பாடின்றித் துள்ளும். மறுபக்க அடியின் சிறப்பே குறும்பந்தை மணிக்கட்டால் சுழற்றி எடுப்பது. அதை இழக்கும் அளவுக்கு வேகம் தேவையில்லை.

நீண்ட புள்ளி ரப்பரைப் பின்முகத்தில் ஒட்டி, மட்டையைக் கையிலேயே திருப்பி ஆடுவோரும் உளர். லக்சம்பர்க்கின் நீ சியாலியான் பேனாப்பிடியில் நீண்ட புள்ளி ரப்பருடன் ஆடி, 61-ஆம் வயதில் பாரிசு ஒலிம்பிக்கில் பங்கேற்றார். அது வேறொரு ஆட்டமுறை. மறுபக்க மேற்சுழற்சி அடியை அதில் கற்க இயலாது.

விளிம்பைத் தேய்த்தல்

புதிய பலகையின் தோள்ப்பகுதி கூராக இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்து வளைவாக்கிக் கொள்வது பேனாப்பிடியில் ஏறத்தாழக் கட்டாயம். தோள் கூராக இருந்தால் மறுபக்கம் திரும்பும்போது விரல் வெட்டுப்படும். மட்டையின் கோணமும் முழுதாகத் திரும்பாது. ஒரு நாள் தேய்த்து, இரு நாள் ஆடிப்பார்த்து, மீண்டும் தேய்ப்பதே முறை. தேய்த்த மரத்தைத் திரும்பச் சேர்க்க முடியாது.

பின்புறத்து மூன்று விரல்களையும் நீட்டி வைத்தால் அடிக்கும் பரப்பு குறையும். மடித்து அடுக்கினால் பரப்பு மிகும், ஆனால் ஊன்றுதல் குறையும். இது கையளவைப் பொறுத்தது.

சிற்றூர்ச் சூழல்

தருமபுரி போன்ற மாவட்டங்களில் விளையாட்டுப் பொருள் கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பவை பெரும்பாலும் கைகுலுக்கு மட்டைகளே. தருமபுரி ஆட்டக்காரர் சேலத்திலோ பெங்களூரிலோ தேட வேண்டும், அல்லது இணையவழி வாங்க வேண்டும். வாங்குமுன் இப்பிடி கைக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு மலிவான வழி உண்டு: பழைய கைகுலுக்குப் பலகையின் கைப்பிடியை 10 சென்டிமீட்டரிலிருந்து 8 ஆக அறுத்துக்கொள்வது. மட்டை எந்த அளவிலும் வடிவிலும் எடையிலும் இருக்கலாம் என விதிகள் கூறுவதால் இது முறையானதே. ஆனால் கைப்பிடி குறையும்போது எடை மையம் நுனியை நோக்கி நகரும். ஆகவே இலேசான பலகையையே அறுக்க வேண்டும்.

கைகுலுக்கு மட்டையிலிருந்து கழற்றிய ரப்பரையும் பயன்படுத்தலாம். கைப்பிடிப் பக்கம் இடைவெளி விடுவதால் அது அளவில் பொருந்திவிடும். மாவட்ட, மாநிலப் போட்டிகளில் ஆடுவோர் ரப்பரில் பன்னாட்டு மேசைப்பந்தாட்டக் கூட்டமைப்பின் ஒப்புதல் குறி இருப்பதையும், அது கைப்பிடியருகே தெரியும்படி ஒட்டப்பட்டிருப்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முகம் கறுப்பாகவும், மறுமுகம் சிவப்பு அல்லது அனுமதிக்கப்பட்ட வேறொரு பளிச்சென்ற நிறமாகவும் இருத்தல் வேண்டும்.

இப்பிடியில் மூன்று விரல்கள் எப்போதும் பின் ரப்பரின் மீதே இருப்பதால், வியர்வையும் கையின் எண்ணெய்ப் பசையும் அதில் படிந்து பிடிமானத்தைக் குறைக்கின்றன. தருமபுரியின் கோடை வெப்பத்திலும் புழுதியிலும் இது விரைவாக நிகழும். ஆட்டம் முடிந்ததும் ஈரப் பஞ்சால் துடைத்து, உலர்ந்தபின் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தல் வேண்டும்; வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் மட்டையை விட்டுவைத்தால் பசை நெகிழ்ந்து ரப்பரின் ஓரம் எழும்பிவிடும்.