புலப்படாத வரைகலை அட்டை

கணினித் தாய்ப்பலகையின் நிலைபொருளைப் புதுப்பித்தபின் வரைகலை அட்டை புலப்படாதொழியின், அது பழுதுற்றதென உடனே முடிவுகட்டுதல் பொருந்தாது. புதுப்பிக்குங்கால் முன்னர் அமைத்த தெரிவுகள் பெரும்பாலும் அழிந்து தொடக்கநிலைக்கு மீளும். இடர் ஈண்டே தோன்றுகின்றது. 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். கணினியோடு வந்த பயோஸ் முறைக்கே அமைந்த பழைய அட்டைகள், யூ.ஈ.எஃப்.ஐ. எனும் பிற்கால முறையை அறியா. இரண்டிற்கும் இடைநின்று துபாசி போல உதவுவது சி.எஸ்.எம். எனும் இணக்கப்பகுதி. அஃது அணைக்கப்படின், நலமுள்ள அட்டையும் தொடக்கத்தில் திரைக்கு ஒளியூட்டாது. ஆதலின் முதற்கண் மின்னிணைப்பைத் துண்டித்து, அட்டையைக் கழற்றி மீளப் பொருத்துக. பின்னரும் புலப்படாதாயின், தாய்ப்பலகையிலுள்ள காட்சிவாயிலோடு திரையை இணைத்து, அமைப்புப் பக்கத்தில் அப்பகுதியை இயக்குக. புதிய பலகைகள் சிலவற்றில் அப்பகுதியே இல்லை. ஆங்கு அட்டைக்குரிய நிலைபொருளைப் புதுப்பித்தல் வேண்டும், அஃது ஆக்கியோரால் வெளியிடப்பட்டிருப்பின்.