நாட்குறிப்பேட்டை வகுத்தெழுதும் முறை

மனிதன் மறக்கும் இயல்பினன். கேட்டதை ஒரு நாழிகையில் மறப்போரும் உளர். ஒரு திங்களில் மறப்போரும் உளர். எழுத்துத் தோன்றிய காலந்தொட்டே அதனை மறதிக்கு மருந்தாக மக்கள் கையாண்டு வந்திருக்கின்றனர். ஆயினும் எழுதி வைத்தல் வேறு. எழுதியதைத் தேடி எடுத்தல் வேறு. நம் இல்லங்களில் எழுதப்படும் செய்திகள் குறைவல்ல. நாட்காட்டித் தாளின் ஓரத்தில் ஒரு தொலைபேசி எண், அரிசிப் பையின்மேல் ஒரு கடைக்கணக்கு, பிள்ளையின் பாடப்புத்தகப் பின்னட்டையில் பாட்டி மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய தேதி என்று எங்கும் எழுதியே வைத்திருக்கிறோம். வேண்டும்பொழுது அவற்றுள் ஒன்றும் கைக்கு அகப்படுவதில்லை. ஆதலின், ஓர் ஏட்டினை எங்ஙனம் வகுத்துக்கொண்டால் எழுதியது வேண்டிய நேரத்தில் அகப்படும் என்பதனை இங்கு ஆராய்வோம்.

அன்றன்று கண்டதையும் கேட்டதையும் எழுதி வைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாகப் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் தொடங்கி, 1761இல் தாம் மறையும் காலம் வரையில் நாட்குறிப்பு எழுதி வந்தார். துறைமுகத்திற்கு வந்த கப்பல், புறப்பட்ட கப்பல், சரக்கின் விலை, ஆளுநர் டூப்ளே தம்மிடம் கூறியவை, ஊரில் நடந்த விழா, வழக்கு, பூசல் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. 1846இல் கையெழுத்து ஏடுகள் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. பின்னர் 1904 முதல் 1928 வரையில் 12 தொகுதிகளாக அவை ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டன. தென்னிந்தியாவின் அக்கால வரலாற்றை எழுதுவோர் இன்றும் அவ்வேடுகளையே நாடிச் செல்கின்றனர். அரசர் எழுதியதன்று; ஒரு வணிகர் தம் வீட்டில் அமர்ந்து எழுதியது.

எனினும் பிள்ளையவர்களின் குறிப்பு நாள்வரிசையில் அமைந்தது. அதில் ஒரு சரக்கின் விலையை மட்டும் தேடுவோர், நாளை அறியாவிடில், பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். இஃது எழுதியவர் குறையன்று. நாள்வரிசையின் இயல்பே அதுதான். இதற்கு நேர்மாறான வழியை இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஜான் லாக் 1686இல் ஒரு பிரெஞ்சு இதழில் விளக்கினார். ஏட்டின் முற்பக்கங்களில் எழுத்துவரிசையில் ஓர் அட்டவணை அமைத்து, ஒவ்வொரு பொருளும் எந்தப் பக்கத்தில் உள்ளதென்று எண் குறித்து வைப்பது அவர் முறை. படித்த நூல்களிலிருந்து குறிப்பெடுக்கும் புலவர்க்கு அஃது ஏற்றதே. ஆனால் நாளை காலை பால்மரக் காட்டிற்கோ செம்பனைக் காட்டிற்கோ செல்லவேண்டிய ஒருவருக்கு நாள்வரிசையும் வேண்டும், பொருள்வரிசையும் வேண்டும்.

இவ்விரண்டையும் ஒரே ஏட்டில் இணைத்தவர் அமெரிக்காவில் வாழும் ரைடர் கேரல் என்பவர். சிறுவயதில் கவனக்குறைபாட்டால் இடர்ப்பட்ட அவர், தம் மனத்தைக் கட்டுப்படுத்தும் பொருட்டுத் தமக்காகவே ஒரு முறையை வகுத்துக்கொண்டார். அதனை 2013இல் உலகறிய வெளியிட்டார். 2018இல் நூலாகவும் எழுதினார். அதற்குப் 'புல்லட் ஜர்னல்' என்று பெயர். மாணவர் சிலர் துப்பாக்கிக் குண்டை நினைத்துக்கொள்ளக்கூடும். இங்குப் 'புல்லட்' என்பது வரியின் தலையில் இடும் புள்ளி. எனவே புள்ளிக் குறிப்பேடு என்று நாம் அழைக்கலாம்.

இதற்கு விலையுயர்ந்த ஏடு வேண்டுவதில்லை. பள்ளியில் வழங்கும் 120 பக்கக் கோடிட்ட ஏடும் ஒரு பேனாவும் போதும். முதல் வேலை, எல்லாப் பக்கங்களுக்கும் எண் இடுவது. பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை மணியில் முடித்துவிடுவர். இவ்வெண்கள் இல்லாவிடில் பின்னர்க் கூறப்போகும் யாவும் பயனற்றுப்போகும்.

முதல் இரண்டு பக்கங்களைப் பொருளடக்கத்திற்கு ஒதுக்குக. அவை தொடக்கத்தில் வெறுமையாகவே இருக்கும். ஏடு வளர வளர நிரம்பும். 3 முதல் 6 வரையிலான நான்கு பக்கங்கள் வருங்காலப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்தால் பக்கத்திற்கு மூன்று கட்டங்களாகப் பன்னிரண்டு திங்களுக்கும் இடம் கிடைத்துவிடும். தொலைவில் உள்ளனவற்றை இங்கு எழுதுக. தைப்பூசத்திற்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் செல்லுதல், மோட்டார் சைக்கிளின் சாலைவரி முடியும் நாள், ஆண்டுத் தேர்வு, மகளுக்கு 12 வயது நிறைவதால் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தல், மகனுக்கு 18 ஆவதால் அட்டையை மாற்றுதல் என்பன போன்றவை இக்கட்டங்களுக்கு உரியவை.

கடையில் அச்சிட்ட நாட்குறிப்பு விற்கும்பொழுது நாமே கோடு இழுப்பது ஏன் என்று சிலர் வினவலாம். அச்சிட்டதன் ஆண்டு சனவரியில் தொடங்கும். நம் வாழ்வோ அப்படி அமைவதில்லை. 2022 முதல் 2024 வரை பள்ளியாண்டு மார்ச்சில் தொடங்கியது. 2025இல் பிப்ரவரிக்கு வந்தது. 2026இல் மீண்டும் சனவரிக்குத் திரும்பியது. மேலும், அச்சிட்ட ஏட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரே அளவு இடம். ஒன்றும் நிகழாத நாளின் பக்கம் வீணாகிறது. திருமண வீட்டு நாளுக்கோ இடம் போதுவதில்லை.

இனித் திங்கட்பக்கம். எதிரெதிரே உள்ள இரண்டு பக்கங்களை எடுத்துக்கொள்க. இடப்பக்கத்தில் 1 முதல் 31 வரை வரிக்கு ஓர் எண்ணாக மேலிருந்து கீழே எழுதி, அருகில் கிழமையின் முதலெழுத்தை இடுக. அந்தந்த நாளில் நிகழவேண்டியதை ஓரிரு சொற்களில் குறிக்க வேண்டும். வலப்பக்கத்தில் அத்திங்களில் செய்துமுடிக்க வேண்டிய வேலைகளை எழுதுக. அதற்கடுத்த பக்கத்திலிருந்து நாட்பக்கங்கள் தொடங்கும். இவற்றிற்கு முன்கூட்டியே கட்டம் போடுதல் கூடாது. ஒரு நாளுக்கு இரண்டு வரி போதுமாயின் இரண்டு வரி. பத்து வரி வேண்டின் பத்து வரி. நாளின் தலைப்பை எழுதியபின் வரிக்கு வரி குறிகளை இட்டு எழுதுவது முறை. செய்யவேண்டிய வேலைக்குப் புள்ளி, நிகழ்ச்சிக்குச் சிறுவட்டம், வெறும் செய்திக்குச் சிறுகோடு. ஒரு குடும்பத்தின் நாட்பக்கம் பின்வருமாறு அமையலாம்:

மார்ச் 6, வெள்ளி
• கணிதப் பயிற்சி, பக்கம் 32
○ பாட்டி இனிப்புநீர்ப் பரிசோதனை, தாப்பா மருத்துவமனை, காலை 8
– சம்பளச் சீட்டு வந்தது. வேலை நாள் 24
• மின்கட்டணம் செலுத்துதல்

வேலை முடிந்ததும் புள்ளியின்மேல் பெருக்கற்குறி இடுக. தேவையற்றுப்போன வேலையைக் கோடிட்டு அடித்துவிடுக. வண்ணப் பேனாக்களாலும் ஒட்டுப்படங்களாலும் பக்கங்களை அணிசெய்வோர் இன்று பலர் உளர். கண்ணுக்கு இனியவைதாம்; ஆனால் பக்க ஓரத்தில் பூவேலை செய்வதிலேயே மாலைப்பொழுது கழியுமாயின் குறிப்பு எழுதப் பொழுது இராது என்பது நம் கருத்து.

இம்முறையின் உயிர்நிலை திங்கள் இறுதியில் உள்ளது. கடைசி நாளன்று ஏட்டினைத் திறந்து, பெருக்கற்குறி பெறாத புள்ளிகளை ஒவ்வொன்றாக நோக்க வேண்டும். இவ்வேலை இன்னும் வேண்டுமா? வேண்டாமெனில் அடித்துவிடலாம். வேண்டுமெனில் அடுத்த திங்கட்பக்கத்தில் மீண்டும் கையால் எழுதி, பழைய புள்ளியை வலப்புறம் நோக்கும் அம்புமுனையாக மாற்றுக. சில திங்கள் கழித்துச் செய்யவேண்டியதாயின் வருங்காலப் பக்கத்தில் எழுதி, புள்ளியை இடப்புறம் நோக்கும் அம்புமுனையாக்குக. மீண்டும் எழுதுவது வீண் உழைப்பன்றோ என்று தோன்றலாம். அந்த உழைப்புத்தான் உரைகல். மீண்டும் எழுதச் சோம்பல் உண்டாகும் வேலை பெரும்பாலும் தேவையற்ற வேலையாகவே இருக்கும். மாறாக, 'பிறப்புப் பத்திரத்தில் பெயர்ப்பிழை திருத்தல்' என்னும் வரி மூன்று திங்களாகத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அதைக் காணும் வீட்டார் எவரும் வாளாவிருக்கமாட்டார். கைப்பேசியில் இட்ட குறிப்பு மேலே நகர்ந்து மறைந்துவிடும். அதனை மீண்டும் நோக்குமாறு நம்மை வற்புறுத்துவார் எவருமில்லை. அன்றியும் கைப்பேசி ஒருவர் கையில் இருப்பது. அடுக்களையில் ஆணியில் தொங்கும் ஏட்டினை வீட்டிலுள்ளோர் அனைவரும் படிக்கலாம்.

நாளோடு ஒட்டாத செய்திகளுக்குத் தனிப்பக்கங்கள் உண்டு. தீபாவளிச் செலவுக்கு ஒரு பக்கம் வேண்டுமாயின், அடுத்து எந்தப் பக்கம் வெறுமையாக உள்ளதோ அங்கேயே தொடங்கலாம். அது 43ஆம் பக்கமாயின் பொருளடக்கத்தில் 'தீபாவளிச் செலவு 43' என்று எழுதுக. அப்பக்கம் நிரம்பி 61ஆம் பக்கத்தில் தொடர நேர்ந்தால், முன்னைய வரியிலேயே 61 என்றும் சேர்த்துவிடுக. இடையிலுள்ள நாட்பக்கங்கள் தடையாகா. மாணவர்கள் படித்த நூல்களின் பட்டியலையும், கடினச் சொற்களையும், புறப்பாட நடவடிக்கைகளையும் இவ்வாறே அமைத்துக்கொள்ளலாம். கடைக்கணக்கிற்கும் ஒரு தனிப்பக்கம் வேண்டும். அட்டையில் 555 என்று அச்சிட்ட சின்னஞ்சிறு புத்தகத்தில் கடைக்காரர் கடன் எழுதிய காலத்தை முதியோர் நன்கறிவர். பெரும்பாலான வீடுகளில் கணக்கு அவர் எழுதியதாக மட்டுமே இருந்தது. வாங்கியவர் எழுதிய கணக்கொன்று இருந்திருப்பின் திங்கள் இறுதியில் பேச்சுக்கு இடமிராது.

புள்ளிக் குறிப்பேடு எழுதுவோர் விரும்பும் மற்றொரு பக்கம், பழக்கங்களைக் குறிக்கும் கட்டப்பக்கம். இடப்புறம் பழக்கங்களின் பெயர், மேலே நாள்களின் எண், செய்த நாளில் ஒரு குறி. இதைப் புதுமையென்று பலர் வியக்கின்றனர். தோட்டத் தொழிலாளர்க்கு இதில் வியப்பொன்றுமில்லை. இது செக்ரோல் அன்றோ! விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, பெயர் ஒருபுறமும் நாள் மேற்புறமுமாகக் கோடிட்ட பேரேட்டில் வேலைநாளைக் குறித்து, திங்கள் முடிவில் கூட்டிச் சம்பளம் போட்டனர். நம் பெற்றோர் வாழ்வு முழுவதும் அக்கட்டங்களில் பதிவாகியிருந்தது. ஆனால் அவ்வேடு தோட்ட அலுவலகத்தில் கிராணியின் மேசைமேல் இருந்தது. நம் வீட்டில் இல்லை. தோட்டம் கைமாறியபொழுது ஏடும் உடன் சென்றது.

ஆகவே தொழிலாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு செக்ரோல் பக்கம் வகுத்துக்கொள்ளல் நலம். வேலைக்குச் சென்ற நாளுக்கு ஒரு குறி, மழையால் வேலை நின்ற நாளுக்கு வேறொரு குறி, விடுப்புக்கு மற்றொன்று. பால் வெட்டுவோர் அன்றைய நிறுவையையும், செம்பனையில் வேலை செய்வோர் குலைகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதலாம். சம்பளச் சீட்டு வரும் நாளில் இரண்டையும் ஒப்பிட்டால், வேறுபாடு இருப்பின் இன்ன தேதியில் என்று சுட்டிக் கேட்க முடியும். 'எங்கோ குறைகிறது' என்று முறையிடுவதற்கும், '12ஆம் தேதிக் கணக்கு விடுபட்டது' என்று காட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இதுகாறும் கூறிய கணக்கின்படி, திங்களுக்கு ஏறத்தாழப் பத்துப் பக்கம் செலவாயின், ஓர் ஏடு 11 திங்களுக்கு வரும். எஞ்சும் கடைசி நான்கு பக்கங்களைக் குடும்பப் பக்கங்களாக விட்டுவைக்க வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் முழுப்பெயரும், அடையாள அட்டையில் உள்ள எழுத்துமுறை பிசகாமல், இங்கு எழுதப்படுதல் வேண்டும். பிறந்த நாள், பிறந்த இடம், பிறப்புப் பத்திர எண், வேலையில் சேர்ந்த நாள், முதலாளி அல்லது தோட்டத்தின் பெயர், விலகிய நாள் ஆகியவை அடுத்து வரும். ஊழியர் சேமநிதி 1951 முதலும் சொக்சோ 1971 முதலும் நம் நாட்டில் நடந்து வருகின்றன. அவற்றின் உறுப்பினர் எண்ணோடு, சேமநிதிக்கு யாரை வாரிசாக நியமித்திருக்கிறோம் என்பதையும், நியமித்த தேதியையும் எழுதுக. தோட்டத் துண்டாடலைத் தடுக்கத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், தோட்டத் தொழிலாளர் பலர் தவணையாகப் பணம் செலுத்திப் பங்கு வாங்கினர். பாட்டனார் பெயரில் அத்தகைய பங்கு உண்டாயின் அதன் உறுப்பினர் எண்ணும் இப்பக்கத்தில் இருத்தல் வேண்டும். பிறப்புப் பத்திரமின்றி வளர்ந்த பிள்ளைகள் பள்ளியில் சேரவும் அடையாள அட்டை பெறவும் பட்ட இடர்கள் நம் சமுதாயம் நன்கறிந்தவை. அலுவலகத்தில் கேட்கும் முதல் வினா தேதியைப் பற்றியது. அதற்கு 'மழைக்காலத்தில் பிறந்தான்' என்பது விடையாகாது. இந்நான்கு பக்கங்களும் அந்தரங்கமானவை. ஆதலின் ஏட்டினை வெளியூர் எடுத்துச் செல்வோர் அவற்றை வேறொரு மெல்லிய ஏட்டில் எழுதிப் பத்திரங்களோடு வீட்டிலேயே வைத்திருக்கலாம்.

ஏடு முடிந்ததும் புதிய ஏட்டிற்குப் பழையதிலிருந்து மூன்றை மட்டும் பெயர்த்தெழுதுக: முடிவுறாத வேலைகள், வருங்காலப் பக்கத்தில் இன்னும் வாராத நாள்கள், குடும்பப் பக்கங்கள். குடும்பப் பக்கங்களை ஒருவர் படிக்க மற்றொருவர் எழுதி, எண்களை இருமுறை சரிபார்த்தல் வேண்டும். பழைய ஏட்டின் முன்னட்டையில் அதன் வரிசை எண்ணையும், தொடங்கிய தேதியையும், முடிந்த தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி, கரையான் அணுகாத உயரமான இடத்தில் அடுக்கிவைக்க வேண்டும்.