பழைய காற்றுத் துப்பாக்கி வாங்கலாமா? பலூன் கடை சொல்லும் பாடம்

அமாவாசை இரவு.

மேல்மலையனூரில் எள் போட்டால் எள் விழாது. அங்காளம்மன் ஊஞ்சலில் ஆடும் காட்சியைக் காண விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை என்று நாலா பக்கத்திலிருந்தும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். மாசி மாதம் பிறந்து, மயானக் கொள்ளையும் தேரும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் திருவிழாக் கடைகள். வளையல், பொரி, பொம்மை, ராட்டினம். இவற்றுக்கு நடுவே "டப், டப்" என்று ஒரு சத்தம். குழந்தைகள் அப்பாவின் கையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

அதுதான் பலூன் சுடும் கடை!

சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பலூன்கள் வரிசையாகத் தொங்குகின்றன. எதிரே ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு காற்றுத் துப்பாக்கி. காசைக் கொடுத்தால் குண்டு கொடுப்பார்கள். சுடலாம்.

இப்படிப்பட்ட கடைகளில் அடிக்கடி கேட்கும் தகராறு ஒன்று உண்டு.

"என்ன அண்ணே! சிவப்புப் பலூனுக்கு நேரா குறி வச்சேன். குண்டு மஞ்சளுக்குப் பக்கத்திலே போகுதே! உங்க துப்பாக்கி கோணல்!"

"துப்பாக்கி நேராத்தான் இருக்கு தம்பி. உன் கைதான் கோணல்!"

யார் சொல்வது சரி?

சில சமயம் தம்பி சொல்வது சரி. சில சமயம் அண்ணன் சொல்வது சரி. பல சமயம் இரண்டு பேர் சொல்வதும் பாதி பாதி சரி!

பிழைப்பே அதில்தான்

பலூன் கடைக்கு முதல் என்ன? ஒரு மேஜை, ஒரு பை பலூன், ஒரு துப்பாக்கி. அவ்வளவுதான். துப்பாக்கி கெட்டுப்போனால் கடை இல்லை. கடை இல்லை என்றால் வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டம்.

புதுத் துப்பாக்கி வாங்கக் கையில் பணம் இல்லாதவர்கள் பழையதைத் தேடுகிறார்கள். வீட்டில் பையனுக்குக் குறி பார்க்கக் கற்றுக்கொடுக்க ஆசைப்படும் தகப்பனாரும் பழையதைத்தான் முதலில் விசாரிக்கிறார்.

பழையது வாங்குவதில் தப்பு இல்லை. பார்த்து வாங்க வேண்டும். பார்க்காமல் வாங்கினால் பணமும் போகும். சில சமயம் விரலும் போகும்!

சைக்கிள் பம்பு தெரியுமா?

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து கிடையாது. அப்படியானால் குண்டு எப்படிப் பாய்கிறது?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு தண்டு. தண்டின் முனையில் ஒரு தோல் வாஷர். தண்டை அழுத்தினால் காற்று முன்னால் பாய்கிறது. காற்றுத் துப்பாக்கிக்குள்ளும் இதே வேலைதான். கை அழுத்துவதற்குப் பதிலாக ஒரு பலமான ஸ்பிரிங் அழுத்துகிறது.

துப்பாக்கியின் குழலைக் கீழே மடக்குகிறோம். ஸ்பிரிங் சுருங்கி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. குழலின் பின்புறத்தில் ஈயக் குண்டை வைத்து, குழலை நிமிர்த்துகிறோம். விசையை இழுத்ததும் கொக்கி விடுபடுகிறது. ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை நெரிக்கிறது. நெரிந்த காற்று குண்டை வெளியே விரட்டுகிறது.

இவ்வளவும் கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்துவிடுகிறது!

ஜெர்மனியின் டயானா கம்பெனி 1890-ம் ஆண்டில் தொடங்கியது. அந்தக் கம்பெனியின் துப்பாக்கிகளும், அவற்றைப் பார்த்து இந்தியாவில் செய்யப்பட்ட துப்பாக்கிகளும் நம் நாட்டில் நிறைய உண்டு. நன்றாக வைத்துக்கொண்டால் அப்பா வாங்கியதை மகனும் பயன்படுத்தலாம்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

பழைய துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் பளபளப்பைப் பார்க்காதீர்கள். குழலில் பொறித்துள்ள எண்ணைப் பாருங்கள்.

177 என்று இருந்தால் அது 4.5 மில்லிமீட்டர் குழல். 22 என்று இருந்தால் அது 5.5 மில்லிமீட்டர் குழல்.

இது ஏன் முக்கியம்?

2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழலின் துவாரம் 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. குண்டின் வேகசக்தி 20 ஜூலுக்கு மேல் போகக்கூடாது. இந்த இரண்டில் எது மீறினாலும் லைசென்ஸ் வேண்டும். "சின்னத் துப்பாக்கிதானே" என்று நினைத்து 22 வாங்கி வைத்தால் வீண் வம்பு வந்து சேரும்.

20 ஜூல் என்றால் என்ன? ஒரு கணக்குப் பார்ப்போம். குண்டின் எடை அரை கிராம். அது வினாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் சக்தி 10 ஜூல். வினாடிக்கு 200 மீட்டர் என்றால் மணிக்கு 720 கிலோமீட்டர்! எந்த எக்ஸ்பிரஸ் ரெயிலும் அதைப் பிடிக்க முடியாது.

ஆகவே இதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணவே கூடாது. வாங்கும்போது ரசீது வாங்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

ஆறு சோதனைகள்

1. குழலை மடக்கிப் பாருங்கள். உள்ளே "கரகர" என்று அரைக்கும் சத்தம் கேட்டால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம் அல்லது வளைந்திருக்கலாம். மடக்கும்போதும் குண்டு போடும்போதும் ஒரு கை குழலை இறுகப் பிடித்தே இருக்க வேண்டும். பழைய கொக்கி நழுவினால் குழல் படீரென்று மேலே எழும்பும். நடுவில் விரல் இருந்தால் நசுங்கிப்போகும்!

2. குழல் நேராக இருக்கிறதா? பின்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். குழலை மடக்கிய நிலையிலேயே விசையை இழுத்துவிடுகிற விஷமக்காரப் பையன்கள் உண்டு. அப்படிச் செய்தால் குழல் வேகமாக வந்து மோதி, மேல்நோக்கி வளைந்துவிடும். வளைந்த குழலை வாங்க வேண்டாம்.

3. கட்டையை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. ஸ்குருவை முறுக்கிச் சரிசெய்ய முடியுமானால் பரவாயில்லை. முறுக்கிய பிறகும் ஆடினால் விட்டுவிடுங்கள்.

4. கட்டையில் விரிசல் உண்டா? கை பிடிக்கும் மெல்லிய இடத்தில்தான் விரிசல் விழும். மெழுகும் வார்னிஷும் பூசி மறைத்திருப்பார்கள். வெளிச்சத்தில் பாருங்கள்.

5. விசை நிற்கிறதா? குண்டு போடாமல் துப்பாக்கியை ஏற்றி, முனையை மண்மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டு, கட்டையின் பின்புறத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். தானாக விடுபட்டால் அந்தத் துப்பாக்கி எமன். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்!

6. காற்று கசிகிறதா? குழலும் உடலும் சேரும் இடத்தின்மேல் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வையுங்கள். குண்டு போட்டு, மண்மேட்டைப் பார்த்துச் சுடுங்கள். காகிதம் பறந்தால் அங்கே காற்று வீணாகிறது. அந்த இடத்தில் உள்ள சின்ன வளைய வாஷரை மாற்றினால் போதும். செலவு குறைவு. ஆனால் விலை பேசும்போது சொல்லிக் குறைக்கலாம்!

குண்டு இல்லாமல் சும்மா சுட்டுக்கொண்டே இருக்கக்கூடாது. எதிரே குண்டு இருந்தால்தான் காற்று நெரிந்து பிஸ்டனுக்கு மெத்தைபோல நிற்கும். குண்டு இல்லாவிட்டால் பிஸ்டன் போய் இரும்பில் மோதும். வாஷரும் ஸ்பிரிங்கும் கெடும்.

எண்ணெய் ஊற்றலாமா?

வெகு நாள் மூலையில் கிடந்த துப்பாக்கியில் தோல் வாஷர் காய்ந்திருக்கும். சைக்கிள் பம்பில் வாஷர் காய்ந்தால் என்ன ஆகும்? எவ்வளவு அடித்தாலும் டயர் எழும்பாது. இங்கேயும் அப்படித்தான். குண்டு சோர்ந்து விழும்.

காற்று வெளிவரும் சிறு துவாரத்தில் தோலுக்கு ஏற்ற எண்ணெய் இரண்டு துளி விட்டு, ஓர் இரவு நிமிர்த்தி வையுங்கள். தோல் ஊறி உயிர் பெறும்.

"இரண்டு துளிக்கே இப்படி என்றால், நாலு ஸ்பூன் ஊற்றினால் இன்னும் வேகமாகப் போகுமே!" என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதுதான் அபாயம். நெரிந்த காற்று சூடாகும். அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்ளும். வெடிபோலச் சத்தமும் புகையும் வரும். வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஸ்பிரிங்கும் வாஷரும் நாசமாகும்.

இன்னொரு எச்சரிக்கை. ஸ்பிரிங்கைக் கழற்ற வீட்டில் முயலாதீர்கள். ஏற்றாமல் இருக்கும்போதும் அது அழுத்தப்பட்டே இருக்கிறது. மூடியைத் திறந்ததும் முகத்தில் பாயும். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஐந்து குண்டு சொல்லும் தீர்ப்பு

சோதனை முடிந்தது. இனிச் சுட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் கட்டையில் உள்ள ஸ்குருக்களை எல்லாம் முறுக்குங்கள். ஸ்குரு தளர்ந்திருந்தால் அர்ச்சுனன் வந்தாலும் குறி தப்பும்!

ஒரு காகிதத்தில் புள்ளி வையுங்கள். பலூன் எவ்வளவு தூரத்தில் இருக்குமோ அவ்வளவு தூரத்தில் மாட்டுங்கள். மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்து, அதே புள்ளியை ஐந்து முறை சுடுங்கள்.

ஐந்து துளையும் ஓரிடத்தில் கூடி, ஆனால் புள்ளிக்கு இடப்பக்கம் விழுந்திருக்கிறதா? சந்தோஷப்படுங்கள். துப்பாக்கி நல்ல துப்பாக்கி. பின்னால் உள்ள குறியைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினால் போதும். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும். மேலே போக வேண்டுமானால் பின்குறியை உயர்த்த வேண்டும்.

ஐந்து துளையும் ஐந்து திசையில் இருக்கிறதா? குறியைத் தொடாதீர்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. குண்டை மாற்றிப் பாருங்கள். நசுங்கிய குண்டு நேராகப் போகாது. குழலை உள்ளே துடைத்துப் பாருங்கள். அப்படியும் சிதறினால் குழல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

கை கோணலா?

இப்போது அந்தத் தம்பியின் கைக்கு வருவோம்.

பலூன் கடையில் பெரும்பாலோர் துப்பாக்கியைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடிக்கிறார்கள். அது தப்பு. விசையை இழுத்ததும், குண்டு வெளியே வருவதற்கு முன்பே, ஸ்பிரிங்கின் உதைப்பில் துப்பாக்கி அசைகிறது. இறுக்கிப் பிடித்தால் அந்த அசைவு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகப் போகும். இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் துப்பாக்கியைத் தாங்கினால் போதும். விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக அழுத்த வேண்டும்.

கைப்பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது.

விழுப்புரமும் கடலூரும் 1993 வரை தென்னாற்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தன. அந்தக் கடலூரில் பிறந்தவர் இளவேனில் வாலறிவன். அகமதாபாத்தில் வளர்ந்தார். காற்றுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். 2018-ல் சிட்னியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம்! 2019-ல் ரியோ உலகக் கோப்பையிலும் தங்கம்! டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் கலந்துகொண்டார்.

அந்தப் போட்டியில் இலக்கு 10 மீட்டர் தூரத்தில் இருக்கும். நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். குண்டூசி முனை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்! 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா, ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் இந்தியர் ஆனதும் இதே 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியால்தான்.

கண் போனால் வராது

துப்பாக்கி சரியானால் மட்டும் போதாது. கடையும் சரியாக இருக்க வேண்டும்.

பலூனுக்குப் பின்னால் தகரமோ கெட்டிப் பலகையோ இருந்தால் ஈயக் குண்டு மோதித் திரும்பி வரும். தடித்த சாக்கை இரண்டு மூன்று மடிப்பாகத் தளரத் தொங்கவிட்டால் குண்டு அதில் மோதிச் சோர்ந்து கீழே விழும். மேஜைக்கு முன்னால் குழந்தைகள் நிற்காதபடி கயிறு கட்ட வேண்டும்.

குண்டு ஈயத்தால் ஆனது. ஈயம் விஷம். சிறுவர்கள் குண்டை வாயில் போட விடாதீர்கள். சுட்டு முடித்ததும் சோப்பால் கை கழுவிவிட்டுத்தான் பொரி தின்ன வேண்டும்.

துப்பாக்கி வீட்டில் இருந்தால் பையனுக்குக் குருவியின்மேல் கண் போகும். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவை வேட்டையைத் தடுக்கிறது. வேலிமேல் உட்கார்ந்திருக்கும் மைனாவைச் சுட்டாலும் குற்றம்தான்.

லாபக் கணக்கு

"குறி கோணலாக இருந்தால்தான் கடைக்கு லாபம்" என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு.

பத்து குண்டும் வீணான தகப்பன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவான். அடுத்த அமாவாசைக்கு அந்தக் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். ஏழு பலூனை உடைத்தவனோ மகளையும் தோளில் தூக்கிக்கொண்டு, "இன்னும் பத்து குண்டு கொடுங்க அண்ணே!" என்பான்.

நேரான துப்பாக்கிதான் நாலு காசு சம்பாதிக்கும்.