நோயாளிக்கு முன்னால் இயந்திரத்துக்குப் பரிசோதனை!

மும்பை பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை, தாராவி, மாட்டுங்கா தமிழர்களுக்குப் புதிய பெயரல்ல. ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு அங்கே வரிசையில் நின்ற குடும்பங்கள் ஏராளம். இந்தியாவின் முதல் 'பெட்-சி.டி.' ஸ்கேன் இயந்திரம் 2004-ம் ஆண்டு நிறுவப்பட்டது அங்கேதான்.

இது இரண்டு இயந்திரங்கள் சேர்ந்த ஒன்று. எக்ஸ்ரே கதிரால் உறுப்புகளின் வடிவத்தைக் காட்டுவது சி.டி. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசி மூலம் செலுத்தி, அதை உடலில் எந்த இடம் அதிகம் உறிஞ்சுகிறது என்று காட்டுவது பெட். புற்றுநோய்க் கட்டி சர்க்கரைக்குப் பேராசைக்காரன். படத்தில் பளிச்சென்று தெரியும்.

டாக்டர் படத்தை மட்டும் பார்ப்பதில்லை. உறிஞ்சிய அளவு எவ்வளவு என்ற எண்ணையும் பார்க்கிறார். மருந்து ஏற்றிய பிறகு அந்த எண் நன்றாக இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். இறங்காவிட்டால் மருந்தை மாற்ற நேரிடலாம். ஆக, இயந்திரம் பொய் சொன்னால் வீண் செலவும் வீண் வேதனையும் நோயாளிக்குத்தான்.

எனவே தினமும் காலையில், முதல் நோயாளி படுக்குமுன் இயந்திரத்துக்குப் பரிசோதனை நடக்கிறது. ஜெர்மானியம்-68 என்ற கதிரியக்கப் பொருள் அடைத்த உருளையை உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள். கதிரைப் பிடிக்கும் ஆயிரக்கணக்கான படிகங்களில் பழுதானவை இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். சி.டி. பகுதிக்குத் தண்ணீர்ப் பாத்திரமே பரீட்சை. தண்ணீருக்குப் பூஜ்யத்தை ஒட்டிய எண் வர வேண்டும்.

பெரிய பரீட்சை வேறு. அதற்கு 'நெமா' என்ற அமெரிக்க உற்பத்தியாளர் சங்கம் வகுத்த முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. மனித மார்பு வடிவிலான பிளாஸ்டிக் தொட்டியில் ஆறு உருண்டைகள். சிறியது 10 மில்லிமீட்டர், கொண்டைக்கடலை அளவு. பெரியது 37 மில்லிமீட்டர், எலுமிச்சம்பழம் போல. அவற்றில் கதிரியக்கம் எவ்வளவு என்பது முன்பே தெரியும். இயந்திரம் சரியாகச் சொல்கிறதா என்று ஒப்பிடுகிறார்கள். கடலை உருண்டை உள்ளதைவிட மங்கலாகவே தெரியும் என்பது நிபுணர்கள் அறிந்த குறை. இரண்டு படங்களும் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா என்பதும் பார்க்கப்படும்.

இத்தனைக்கும் பிறகு காலை வாரிவிடக்கூடியவை சுவர்க் கடிகாரமும் எடைத் தராசும்தான்! ரயில் நிலையக் கடிகாரம் பிசகினால் வண்டி தவறும், அடுத்த வண்டியில் போகலாம். இங்கே அப்படியல்ல. ஊசி மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். மருந்தை அளக்கும் அறைக் கடிகாரமும் இயந்திரத்தின் கடிகாரமும் 10 நிமிடம் வேறுபட்டால் கணக்கில் சுமார் 6 சதவீதம் பிழை. 50 கிலோ ஆளை 60 கிலோ என்று எழுதிவிட்டால் 20 சதவீதம் கூடிவிடும்.

மும்பை அணுசக்தி நகரில் தலைமையகம் கொண்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்தான் இத்தகைய இயந்திரங்களுக்கு உரிமம் அளிக்கிறது.

நோயாளிகளுக்கும் வேலை உண்டு. எடையை உத்தேசமாகச் சொல்லாமல் அன்றே நிறுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கூடியமட்டும் மறு ஸ்கேனையும் அதே இயந்திரத்தில் எடுப்பது நல்லது. இடம் மாறினால் பழைய படங்களையும் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.